இரண்டு போர்டுக்கு ஒருத்தி

நேற்று உன் வீட்டுக் கதவை நெருங்குவதற்கு முன்பே டுரியான் வாசனை என்னை எதிர்கொண்டு அழைத்தது. உங்கள் குடியிருப்பான கம்போங் செட்டியில் பழப் பார்ச்சு. பழக்காலத்தில் மூதாதையருக்கு இலை விரித்துப் படைக்கிற நாள். எத்தனையோ வருஷம் நீ படைத்திருக்கிறாய், நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். நேற்று முதல் தடவையாக உனக்கும் சேர்த்துப் படைத்தார்கள். உன் தங்கை மகள்தான் எல்லாம் செய்தாள். டுரியான் சுளை, மங்குஸ்தான், ரம்புத்தான் என்று இலை கொள்ளாமல் வைத்தாள். சுவரில் உன் அப்பா, அம்மா படங்களுக்குப் பக்கத்தில் உன் படம் புதுக் கண்ணாடிச் சட்டத்தோடு இருந்தது. சாம்பிராணி காட்டிக் கும்பிட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வருகிற மூதாதையர் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமல்லவா?

கதவு சாத்தியிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இந்த மடலை மனசுக்குள் எழுத ஆரம்பித்தேன். நீ உயிரோடு இருந்திருந்தால் இதை உன்னால் படித்திருக்க முடியாது. உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பல தலைமுறைக்கு முன்பே கடல் கடந்து வந்து இங்கே கலந்துவிட்ட தமிழ் வணிகர்களின் வழி நீங்கள்; உங்கள் வீட்டு மொழி மலாய். அதில் சாமியும் விபூதியும் பூசையும் மாதிரி சில தமிழ்ச் சொற்கள் மிதந்துகொண்டிருக்கும். நாம் பேசியதும் அந்த மொழியில்தான். இப்போது உனக்கு எந்த மொழியும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, எனக்கு வருகிற மொழியில் எழுதுகிறேன்.

டுரியான் வாசனைதான் நம் முதல் அறிமுகம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிது. காலை ஷிப்டை முடித்து நீ எழுந்தாய். தலையிலிருந்த ஹெட்போனையும், நெஞ்சில் தொங்கிய புனல் போன்ற பேசுகுழலையும் கழற்றி என்னிடம் கொடுத்தாய். நான் மாட்டிக்கொண்டு, "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்ல வாயைக் குழலுக்கு அருகே கொண்டுபோனேன். அப்படி ஒரு வாசனை! என் முகம் போன போக்கைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பில் அறையே திரும்பிப் பார்த்தது. மறுநாளே சூப்பர்வைசர், பழம் தின்றுவிட்டு யாரும் போர்டில் உட்காரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். "எனக்காகவே ஒரு சட்டம் போட்டிருக்காங்க பாத்தியா" என்று நீ பெருமையடித்துக்கொண்டாய்.

கெபாயா ரவிக்கையும் பாத்தேக் சாரோங்குமாக நீ நடந்து வரும்போது பார்க்கிறவர்கள் உன்னை அதே உடை உடுத்தும் சீன நோன்யாப் பெண் என்று நினைப்பார்கள். நெற்றியில் விபூதியைப் பார்த்ததும் குழம்பிப்போவார்கள். நான் வேறு மாதிரி. என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து, ரோடு வேலைக்காரர்களை மேய்க்கிற மண்டோராக ஆனவர். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டித் தந்த எங்கள் லைன் வீடுகளில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முடித்து, மேசை நாற்காலி இருக்கிற வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். நான் தெருவில் இறங்கினால் வாசலுக்கு வாசல் ஆள் எட்டிப் பார்க்கும். அந்தப் பார்வையையும் சுமந்துகொண்டுதான் நான் போர்டில் உட்கார்ந்தேன்.

அந்த போர்டை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னால் கதை என்கிறார்கள். ஆள் உயர மரப்பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டி விளக்கு. ஊரில் யாராவது டெலிபோனைக் கையில் எடுத்தால் அவருடைய விளக்கு எரியும். வயரின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகி, என்ன எண் வேண்டும் என்று கேட்டு, மறு முனையை அந்த எண்ணின் துளையில் செருகி மணியடிக்க வேண்டும். பேசி முடித்ததும் பிடுங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு விளக்கு எரியும்போது சுலபம். பத்து எரியும்போதுதான் பயம் வரும்.

எனக்கு அந்தப் பயம் ஒரு தோட்ட மேனேஜர் வடிவத்தில் வந்தது. அன்றைக்கு நல்ல மழை. கோலாலம்பூர் லைன் இரைச்சலாக இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் அந்த வெள்ளைக்காரர், "உன்னையெல்லாம் யார் வேலைக்கு வைத்தது?" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் திட்டினார். காதோடு ஒட்டிய கருவியில் ஒருவர் கத்தினால் அது வெளியிலிருந்து வருவதாகவே தோன்றாது. நம் மண்டைக்குள் யாரோ நின்று கத்துவது போல இருக்கும். அன்றிலிருந்து எந்த விளக்கு எரிந்தாலும் அதற்குப் பின்னால் அவர்தான் இருக்கிறார் என்று தோன்ற ஆரம்பித்தது. காலையில் வீட்டில் சோறு இறங்காது. எக்ஸ்சேஞ்ச் படி ஏறும்போதே உள்ளங்கை ஈரமாகிவிடும்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், இடி இடித்து எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் எரிந்தன. வயர் கையில் இருந்தது. எந்தத் துளை என்று தெரியவில்லை. மூச்சு தொண்டைக்கு மேலே ஏற மறுத்தது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பின்பக்க மாடிப்படிக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.

நீ உன் போர்டைப் பக்கத்திலிருந்தவளிடம் ஒப்படைத்துவிட்டு என் பின்னாலேயே வந்தாய். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. என் பக்கத்துப் படியில் சாரோங்கைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாய்.

"எதப் பாத்து பயம்?"

"தெரியல. எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிடறாங்க. எத முதல்ல எடுக்கறதுன்னு தெரியல. மூச்சே நின்னுபோச்சு."

"உனக்கு எத்தன வாய்?"

எனக்கு அழுகைக்கு நடுவில் கோபம் வந்தது. "ஒண்ணுதான்."

"அப்ப ஒரு நேரத்துல ஒருத்தர்கிட்டத்தான் பேச முடியும். மத்தவங்க இருக்கட்டும். டெலிபோனுக்குக் காத்திருந்து யாரும் சாகல. சத்து-சத்து, சரசு."

ஒவ்வொன்றாக என்பதற்கு மலாயில் சத்து-சத்து. என் தமிழ்க் காதில் அது வேறு அர்த்தத்தில் விழுந்தது. சத்து வேண்டும் என்கிறாளா, இவளுக்கு எப்படித் தெரியும் நான் சாப்பிடாமல் வந்தது என்று ஒரு கணம் யோசித்தேன். அதைச் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ரெண்டும்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வா. சாப்பாடும் உண்டு, வேலையும் உண்டு" என்றாய்.

அந்தச் சனிக்கிழமையை நான் எப்படி மறப்பேன்! காஜா பேராங் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, கோயிலைத் தாண்டி உன் வீடு. உள்ளே போனால் ஒரு பட்டாளமே காத்திருந்தது. தரையில் பாயைப் போட்டு, நீங்கள் சோழி போட்டு விளையாடுகிற சொங்காக் பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தாய். எங்கள் பல்லாங்குழியைப் போலக் குழிகள் கொண்ட நீளப் பலகை. பக்கத்தில் சப்பாத்துக் கயிறுகள் ஒரு குவியல். "இதுதான் போர்டு. இதுதான் வயர். உட்கார்" என்றாய். உன் அத்தைக்குத் துவான், அதாவது துரை, வேஷம். உன் தங்கைக்கு ஆஸ்பத்திரியைக் கூப்பிடுகிற வேஷம். கால் வீங்கிப் பிரம்பு நாற்காலியை விட்டு எழ முடியாத உன் அம்மா, தன் நாற்காலியிலிருந்தே விளையாட்டில் சேர்ந்துகொண்டார்.

"ஹலோ! ஹலோ! யூ ஸ்லீப்பிங்கா?" என்று உன் அத்தை மூக்கால் கத்தினார்.

"நம்பர் ப்ளீஸ்."

"நம்பர் எனக்கு எப்படித் தெரியும்? நான் துவான்! நீ கண்டுபிடி!"

அதற்குள் உன் தங்கை, "ஆஸ்பத்திரி! அவசரம்!" என்றாள். நடுவில் உன் அம்மா கையை உயர்த்தி, சாவகாசமாக, "எனக்கு எமன் வீட்டுக்கு லைன் கொடு" என்றார். "இன்னும் குழம்பு கொதிக்கல, அப்புறமா வான்னு அவன்கிட்ட சொல்லணும்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கயிற்றை எடுத்து உன் அத்தையின் குழியில் வைத்தேன், உன் தங்கையை ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தேன், எமன் லைன் பிஸி என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. வாய் கத்துகிறவரோடு இருந்தாலும் கை அதன் வேலையைச் செய்யும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பல சனிக்கிழமைகள் அப்படிப் போயின. உன் அத்தை வாரத்துக்கு வாரம் இன்னும் மோசமான துவானாக ஆனார். உன் அம்மா இலையில் சோறும் மீன் குழம்பும் வைத்து, நான் முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

பயம் போய்விடவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கைக்கும் தொண்டைக்கும் வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டது; வயிற்றில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டுத்தான் பேசுவேன். அந்த மேனேஜர் மறுபடியும் ஒரு நாள் கத்தினார். "லைன் கிடைத்ததும் உங்களைக் கூப்பிடுகிறேன், சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த விளக்குக்குப் போனேன். நீ பக்கத்து நாற்காலியிலிருந்து என் முழங்கையை இடித்தாய்.

பிறகு அந்த நாள் வந்தது. சுதந்திரம் எந்தத் தேதியில் என்று நம்மூர்க் கடற்கரைத் திடலில் அறிவிக்கப்போகிறார்கள் என்று ஊரே புறப்பட்டுப் போயிற்று. லாரிகளிலும் மாட்டு வண்டிகளிலும் ஜனம் வந்து இறங்கியது. நம் அறையில் நீயும் நானும் மட்டும். மற்றவர்களுக்கு ஷிப்ட் இல்லை; சூப்பர்வைசர் சாப்பாட்டுக்குப் போனவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். நமக்குத் திடலுக்குப் போக முடியவில்லையே என்று வருத்தம். "எல்லாருக்கும் முன்னால நமக்குத்தான் சேதி தெரியும், பாரு" என்று நீ சமாதானம் சொன்னாய்.

உன் போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. நீ வயரைச் செருகினாய். அப்புறம் உன் கை அந்தரத்தில் நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். உன் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மாடிப்படியில் அன்றைக்கு நான் எப்படி இருந்தேனோ அப்படி இருந்தாய். என் வயரை எடுத்து அதே லைனில் செருகிக் கேட்டேன்.

"ஆப்பி! ஆப்பி!" நெருப்பு, நெருப்பு என்று மலாயில் ஒரு சீனக் குரல் அலறியது. காஜா பேராங் ரோட்டு மளிகைக்கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுகிறவர்.

"எந்த வீடு, தவுக்கே?"

"கோயிலுக்குப் பக்கத்துல! நாற்காலியிலயே இருப்பாங்களே, கால் வீங்கின அம்மா, அவங்க வீடு! அடுப்பாங்கரை அத்தாப்புக் கூரை எரியுது!"

உன் வீடு. உன் அம்மா.

டெலிபோனுக்குக் காத்திருந்து யாரும் சாகவில்லை என்று நீ சொல்லியிருந்தாயே, அது அன்றைக்குப் பொய்யாகிவிட்டது. ஒருவர் காத்திருந்தால் செத்துவிடுவார். வயிற்றிலிருந்து அந்தப் பழைய பயம் கிளம்பி மேலே வந்ததை நான் உணர்ந்தேன். மூச்சை முழுக்க வெளியே விட்டேன். பிறகு பொம்பா என்று நாம் சொல்லும் தீயணைப்பு நிலையத்தின் துளையைப் பார்த்தேன். பேச்சில் இருந்தது.

போர்டில் சாவி என்று நாம் சொல்லும் விசையைத் தள்ளி அந்தப் பேச்சுக்குள் நுழைந்தேன். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, கூட்டம் கலையும்போது எந்த ரோட்டை மூடுவது என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"மன்னிக்க வேண்டும், சார். எக்ஸ்சேஞ்ச். இந்த லைன் எனக்கு வேண்டும். தீப்பிடித்திருக்கிறது."

"யார் நீ? நான் இன்னும் பேசி முடிக்கவில்லை."

"முடிந்தது, சார்" என்று சொல்லி அவர் வயரைப் பிடுங்கினேன்.

அது நான்தானா என்று இப்போதும் சில சமயம் ஆச்சரியமாக இருக்கும். பொம்பாக்காரரிடம் இடத்தைச் சொன்னேன். "ரோடு முழுக்க ஜனம், வண்டி எப்படிப் போகும்?" என்றார். "நீங்க வண்டிய எடுங்க. போலீஸ்கிட்ட நான் பேசறேன்" என்றேன். போலீஸ் நிலையத்தில் இருந்தவர், ஆளே இல்லை, எல்லாரும் திடலில் என்றார். "நீங்க இருக்கீங்களே, அண்ணே. சைக்கிள் இருக்குமே" என்றேன். அவர் தமிழர். "இருக்கு தங்கச்சி, போறேன்" என்றார்.

அதற்குள் நீ எழுந்து நின்றிருந்தாய். கதவைப் பார்த்தாய், போர்டைப் பார்த்தாய். ஆள் இல்லாமல் போர்டை விட்டுப் போகக் கூடாது என்பது நமக்கு முதல் நாளே சொல்லித் தந்த விதி. சினிமாவில் காட்டுவதைப் போல நீ அழவில்லை. உன் கைகள் மட்டும் வயரை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தன. நான் அந்த விரல்களைப் பிரித்துவிட்டேன்.

"போ."

"போர்டு..."

"ரெண்டையும் நான் பாத்துக்கறேன். போன்னு சொல்றேன்ல!"

நீ ஓடினாய். நான் உன் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, இரண்டு போர்டுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். உட்கார்ந்தால் இரண்டும் எட்டாது.

தவுக்கேயிடம் திரும்பினேன். "அம்மாவ நாற்காலியோட தூக்கச் சொல்லுங்க."

"ஆம்பளைங்க யாரும் இல்ல, நோனா! எல்லாம் திடலுக்குப் போயிட்டாங்க!"

"பொம்பளைங்க இருக்காங்கதானே? கடைச் சாக்க தண்ணியில நனைச்சு அவங்க கையில குடுங்க. போங்க, தவுக்கே! டெலிபோன வைக்காதீங்க, அப்படியே போட்டுட்டுப் போங்க!"

அவர் போட்டுவிட்டு ஓடினார். திறந்து கிடந்த அந்த டெலிபோன் வழியாகத் தெருவின் சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ ஒரு பெண், உன் அத்தையாகத்தான் இருக்க வேண்டும், துவான் குரலில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். தகரம் விழுகிற சத்தம். கிணற்று வாளிச் சத்தம். அதற்கு மேல் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. ஏனென்றால் அந்த நிமிஷத்தில்தான் திடலில் தேதியை அறிவித்துவிட்டார்கள்.

முழு ஊரும் எரிந்தது, தோழி. விளக்குகளைச் சொல்கிறேன். இரண்டு போர்டிலும் ஒரு விளக்கு பாக்கியில்லை. டெலிபோன் இருக்கிற ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு கடையும் யாருக்காவது சேதி சொல்ல வேண்டும் என்று துடித்தது. முன்பு ஒரு காலத்தில் அந்தக் காட்சி என்னைக் கொன்றிருக்கும். அன்று எனக்கு நேரமில்லை. யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. ஆஸ்பத்திரி விளக்குக்கு முதலில் போனேன். வியாபாரிகள் காத்திருந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் சிங்கப்பூர் லைன் கேட்டுக் கெஞ்சினார், அவரும் காத்திருந்தார். ஒரு கிழவர் எண் எதுவும் கேட்கவில்லை. "மெர்டேக்கா, நோனா!" என்று மட்டும் சொன்னார். வீட்டில் தனியாக இருந்தாரோ என்னவோ, சொல்வதற்கு ஆள் இல்லாமல் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டிருக்கிறார். "மெர்டேக்கா, துவான்" என்று சொல்லி அவர் வயரைப் பிடுங்கினேன். சுதந்திரத்தை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான்.

இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் எல்லாம் சாவியைத் தள்ளித் தவுக்கேயின் லைனைக் கேட்டேன். சத்தம், சத்தம். பிறகு ஒரு தடவை அவருடைய மூச்சிரைப்பு கேட்டது.

"நோனா? இருக்கியா?"

"இருக்கேன். சொல்லுங்க."

"நாற்காலி ரோட்டுல இருக்கு. அம்மாவும் அதுலதான் இருக்காங்க."

என் முழங்கால்கள் அப்போதுதான் மடிந்தன. போர்டைப் பிடித்துக்கொண்டேன். "எப்படி இருக்காங்க?"

"திட்டறாங்க, நோனா. குழம்புச் சட்டிய யாரும் தூக்கிட்டு வரலையாம்."

பொம்பா வண்டி வரும் மணிச் சத்தம் அவர் பின்னால் கேட்டது. உன் அடுப்பாங்கரையும் பக்கத்து வீட்டுக் கூரையில் பாதியும் போயின. முன்னறையும் மூதாதையர் படங்களும் தப்பின. நீ வியர்த்துக் கொட்ட ஓடிப்போய்ச் சேர்ந்தபோது உன் அம்மா தெருவில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாராம்.

சூப்பர்வைசர் கூட்டத்தில் நசுங்கி, தொப்பியைத் தொலைத்துவிட்டு வந்து சேர்ந்தார். நான் இரண்டு போர்டுக்கு நடுவில் நிற்பதைப் பார்த்தார். நீ எங்கே என்று கேட்டார். வீடு எரிகிறது, நான்தான் போகச் சொன்னேன் என்றேன். ஒரு அதிகாரியின் பேச்சை நடுவில் வெட்டினேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் கைப்பையை வைத்துவிட்டு, உன் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் நகர்ந்துகொள், பெண்ணே" என்றார். அவ்வளவுதான். அதிகாரியிடமிருந்து புகார் வந்தபோதும் அவரே பதில் சொல்லிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். லைன் வீடுகளில் அப்பா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே தீயை அணைத்ததாக ஆகிவிட்டது. நீ மட்டும் வேலைக்கு வரவில்லை. லீவு முடிந்தும் வரவில்லை. வேலையை விடப்போகிறாய் என்று கேள்விப்பட்டு உன்னைத் தேடி வந்தேன். புதுக் கூரைக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். கரி வாசனை இன்னும் போகவில்லை. நீ கருகின சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஆனால் அது உன் பழைய சிரிப்பு இல்லை.

"யாரு ஹலோன்னு சொன்னாலும் எனக்கு ஆப்பின்னு கேக்குது, சரசு. தவுக்கே கடை வாசல்ல டெலிபோன் மணி அடிச்சாலே கை விறைச்சுப்போவுது. உன்ன மாதிரி எனக்குத் தைரியம் இல்ல."

"என்ன மாதிரியா?"

"உன் குரல் நடுங்கவே இல்லயாம். தவுக்கே ஊர் பூரா சொல்றான்."

"குரல் நடுங்கல. முழங்கால் நடுங்குச்சு. போர்டுக்குக் கீழ இருந்தத தவுக்கே எப்படிப் பாப்பான்?"

நீ தேய்ப்பதை நிறுத்தினாய். "நெஜமாவா?"

"இப்ப நெனச்சாக்கூட நடுங்குது. வந்து தொட்டுப் பாரு."

நீ உண்மையிலேயே கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாய். அப்புறம்தான் அழுதாய். தீப்பிடித்த அன்று வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. உன் அம்மா நாற்காலியிலிருந்து, "அழுது முடிச்சதும் ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றார்.

நீ திரும்பி வந்த முதல் நாள் நாம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பயம் வந்தால் மறைக்கக் கூடாது. என்னிடம் சொல்லிவிட வேண்டும். நீ போர்டில் உட்கார்ந்தாய். விளக்கு எரிந்தது. "வந்துடுச்சு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். "சரி. நம்பர் கேளு" என்றேன். நீ கேட்டாய். நடுங்குகிற குரலில்தான் கேட்டாய். மறுமுனையில் இருந்தவர் அதைக் கவனிக்கவே இல்லை, மீன் மார்க்கெட்டுக்கு லைன் கேட்டார். அன்று எத்தனையோ தடவை "வந்துடுச்சு" என்றாய். மறுவாரம் குறைந்தது. பிறகு ஒரு நாள் நீ சொல்ல மறந்தே போனாய். நான் ஞாபகப்படுத்தவில்லை.

சுதந்திரம் வந்த காலையிலும் நாம் இருவரும்தான் ட்யூட்டியில் இருந்தோம். நாமாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டோம். ஊரே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, நாம் வயர்களைச் செருகிக்கொண்டிருந்தோம். யாருக்கும் தாமதமாகவில்லை. அந்தக் காலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நீ சொல்வாய்: "கொடி ஏத்துனது அவங்க. கனெக்சன் குடுத்தது நாம."

அப்புறம் எவ்வளவோ நடந்தது. எனக்குக் கல்யாணம், பிள்ளைகள். நீ கல்யாணம் வேண்டாம் என்றாய், தங்கை பிள்ளைகளை வளர்த்தாய். எண்ணைச் சுழற்றினால் தானாகவே லைன் கிடைக்கிற மெஷின் வந்ததும் நம் போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நீ சூப்பர்வைசர் ஆனாய். உன்னிடம் வேலை பார்த்த பெண்கள் உன்னைப் பற்றிச் சொல்வார்கள்: அந்த அம்மாவிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னால் திட்ட மாட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார் என்று. உன்னிடம் அதை நான் சொன்னபோது, "அதுல என்ன இருக்கு" என்று பேச்சை மாற்றினாய்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் நான் உன் கட்டிலருகே இருந்தேன். அன்று நீ மலாயில் பேசவில்லை. என்னிடமிருந்து பொறுக்கி வைத்திருந்த தமிழில், உடைந்த தமிழில், மெதுவாகச் சொன்னாய்: "பயம் இருக்கு. பரவால்ல." நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் நடுக்கமில்லை.

நீ போன பிறகு எனக்கு இந்த வயசில் புதுப் புது பயங்கள் வருகின்றன. படி இறங்க பயம். பேங்கில் மெஷின் முன்னால் நிற்க பயம். அவற்றையெல்லாம் நான் ஒளித்து வைப்பதில்லை. பயமில்லாத ஆளைப் போல நடிக்கிறவர்கள் பாதியில் ஓடிப்போகிறார்கள். பயத்தை வாய்விட்டுச் சொன்னவர்கள்தான் கடைசி வரை உட்கார்ந்து வேலையை முடிக்கிறார்கள். உன்னோடு பழகியதில் எனக்கு மிஞ்சிய சொத்து இதுதான். இதற்குமேல் பெரிதாக ஒன்றும் நான் தேடவில்லை.

போன வாரம் எனக்குக் கண்ணில் ஆபரேஷன். மேலே விளக்கைப் போட்டார்கள். முகத்தில் பச்சைத் துணியை மூடினார்கள். இளம் டாக்டர், தமிழ்ப் பிள்ளை, குனிந்து, "பாட்டி, பயமா இல்லயே?" என்று கேட்டார்.

"பயமாத்தான் இருக்கு, டாக்டர்" என்றேன். "நீங்க ஆரம்பிங்க."